சாறு ஒன்று, சம்பளம் மூன்று

அரவை நடக்கும் மாதங்களில் மூங்கில்துறைப்பட்டை நெருங்கும்போதே பாகு வாடை வழிகாட்டிவிடும். கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலையின் வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். விவசாயியின் கண் எடை மேடையில் ஓடும் எண்ணிலேயே இருக்கும்; எத்தனை டன் என்பது கையில் வாங்கும் சீட்டில் உடனே வந்துவிடுகிறது. அவருடைய பணத்தைத் தீர்மானிக்கும் இன்னோர் எண் அந்தச் சீட்டில் இராது. அது ஆலைக்கு உள்ளே, கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய லேபில், ஷிப்டு தவறாமல் கணக்கெழுதப்பட்டு வரும் எண்.

நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைத்தது என்பதே அந்த எண். ஆலைக் கணக்கில் அதற்குச் சர்க்கரைக் கட்டுமானம் என்று பெயர்; களத்துமேட்டுப் பேச்சில் ரெகவரி. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய். அது 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கான விலை. அதற்கு மேலே ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3 ரூபாய் 32 காசு கூடும். கீழே இறங்கினால் 9.5 சதவீதம் வரை அதே கணக்கில் குறையும். நூறு டன் வெட்டி அனுப்பியவருக்கு அந்த 0.1 என்பது 3,320 ரூபாய்.

ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வரவை இப்படி அளந்து சொல்லும் வேலைக்கு நாட்டில் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அந்த மேசையில் யார் யார் நின்றார்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்பது அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி.

கரும்பும் சர்க்கரையும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. விழுப்புரம் 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. அந்தப் பழைய தென்னார்க்காட்டின் நெல்லிக்குப்பத்தில் 1840களிலேயே பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை வந்துவிட்டது. ஆனால் உள்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் ராஜாவாக இருந்தது வெல்லக் கொப்பரைதான். கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்லும் ஆள்தான் அந்தக் காலத்துப் பரிசோதகர். கம்பிப் பதமா, உருட்டுப் பதமா என்பதை அவர் விரல் சொல்லும். பதம் தப்பினால் வெல்லம் அச்சில் நிற்காது. அடுப்புக்குச் சக்கை தள்ளுபவரைவிடப் பதம் பார்ப்பவருக்கு மதிப்பு கூடுதல். அந்த மதிப்புக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. அப்பனிடம் மகன் நின்று கற்றதுதான்.

1958இல் சாத்தனூர் அணை கட்டி முடிந்தபின் தென்பெண்ணைப் பாசனம் நிலைப்பட்டது. 1960களில் தமிழ்நாடெங்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் எழுந்தபோது, அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருந்த மூங்கில்துறைப்பட்டுக்கும் ஒன்று வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணை அருகே கச்சிராயபாளையத்தில் இரண்டாவது ஆலை பின்னால் வந்தது. கரும்பு கொப்பரையை விட்டு ஆலைக்குத் திரும்பியபோது, பதம் பார்க்கும் வேலையும் விரலை விட்டுக் கண்ணாடிக் குழாய்க்குப் போயிற்று.

குழாயின் கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்பும் என்பதை பிரான்சின் ழான்-பாப்திஸ்த் பியோ 1815இல் கண்டறிந்தார். எவ்வளவு திருப்புகிறது என்று அளந்தால் எவ்வளவு சர்க்கரை என்று தெரிந்துவிடும். கரைசலில் கரைந்திருக்கும் பொருளின் அளவைச் சொல்லும் அளவுகோலுக்கு ஜெர்மானியர் அடால்ஃப் பிரிக்ஸின் பெயர் நிலைத்தது. ஆனாலும் வியாபாரம் வெகுநாள் கண்ணைத்தான் நம்பியது. நிறம் வாரியாக எண்ணிட்ட சர்க்கரை பாட்டில்களை அடுக்கிவைத்து, வந்த சரக்கை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு டச்சு ஸ்டாண்டர்டு என்று பெயர். வெளுத்த சர்க்கரைக்கு வரி அதிகம் என்றதும், நல்ல சர்க்கரைக்கே சாயமேற்றிக் கறுப்பாக்கி அமெரிக்கத் துறைமுகங்களுக்கு அனுப்பினார்கள் சிலர். 1883இல் அமெரிக்காவின் வரிச் சட்டம், ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் ஒளிமானிச் சோதனையை ஏற்றுக்கொண்டது. 1897இல் சர்க்கரைச் சோதனை முறைகளை ஒரே மாதிரியாக்க சர்வதேச ஆணையம் ஒன்றும் அமைந்தது. இக்கும்சா என்ற அதன் சுருக்கப் பெயர் இன்றும் சர்க்கரை மூட்டையின் தர எண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கருவி வந்தது, கருவியைப் படிக்கும் ஆளும் வேண்டுமே. அமெரிக்காவின் லூசியானாவில் 1891இல் ஆடுபன் சர்க்கரைப் பள்ளி தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்தப் பல்கலைக்கழகமோ 1950 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. வயலுக்கும் லேபுக்கும் நடுவே இருந்த சுவர் அங்கே நிறத்தால் ஆனது.

இந்தியாவில் 1932ஆம் ஆண்டின் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதிக்குத் தடுப்பு போட்டது. முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் ஐந்தே ஆண்டுகளில் 130ஐத் தாண்டின. ஆலைக்கு ஒரு தலைமை கெமிஸ்ட், ஷிப்டுக்கு ஒருவர் என்று பார்த்தாலும் நூற்றுக்கணக்கானோர் உடனே வேண்டியிருந்தது. 1936இல் கான்பூரில் இம்பீரியல் சர்க்கரைத் தொழில்நுட்பக் கழகம் வந்தது. இன்று அது தேசிய சர்க்கரைக் கழகம். உள்ளே நுழைய அறிவியல் பட்டம் வேண்டும். அந்தக் காலத்தில் தென்னார்க்காட்டுக் கரும்பு விவசாயி வீட்டில் ரசாயனப் பட்டதாரியைத் தேடினாலும் கிடைப்பது அரிது. அதனால் ஆலை லேபுகளின் முதல் தலைமுறை கெமிஸ்டுகள் பெரும்பாலும் கல்லூரி இருந்த நகரங்களிலிருந்து வந்தவர்கள். குவார்ட்டர்ஸில் தங்கி, சீசன் முடிந்ததும் சொந்த ஊர் போவார்கள். குடுவை கழுவுவதற்கும் சாறு பிடித்து வருவதற்கும் உள்ளூர் ஆட்கள்.

லேபுக்குள் ஒரு மணி நேரம் நின்றால் இந்தப் பிரிவினை கண்ணில் படும். மாதிரி எடுப்பவர் தகரக் கேனோடு ஆலையைச் சுற்றி வருகிறார். முதல் உருளையில் பிழிந்த சாறு, கலவைச் சாறு, தெளிந்த சாறு, சக்கை, ஆலை மண், கழிவுப்பாகு என்று ஒவ்வோரிடத்திலும் மணிக்கொரு முறை பிடிக்க வேண்டும். பல மணி நேரச் சாறு புளிக்காமல் இருக்க அதில் பாதரச உப்பு விடுவது பழைய வழக்கம். லேபில் சாற்றைத் தெளிய வைக்க ஈய உப்பு போட்டு வடிகட்டுவார்கள். வடிந்ததை 200 மில்லிமீட்டர் நீளக் குழாயில் குமிழி இல்லாமல் நிரப்பி, ஒளிமானியில் வைத்து, இரண்டு பாதியும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை திருகைத் திருப்ப வேண்டும். பிரிக்ஸ் 18, சர்க்கரை 15.3 என்றால் சாற்றின் தூய்மை 85. பேரேட்டில் கையெழுத்து கெமிஸ்டுடையது. ஈயமும் பாதரசமும் படிந்த குடுவை போவது உதவியாளர் கைக்கு.

மூட்டையில் விழுந்த சர்க்கரையை எடைபோட தராசு போதும். சீசன் நடுவில் பாத்திரங்களில் கிடக்கும் பாகில் இன்னும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, சக்கையோடு எவ்வளவு போனது, கழிவுப்பாகில் எவ்வளவு தங்கியது என்பதையெல்லாம் லேப்தான் சொல்ல வேண்டும். ஆர்.டி.8(சி) என்ற படிவத்தில் ஆலைகள் அரசுக்கு அனுப்பும் கணக்கு அந்த அளவுகளின் மேல் நிற்கிறது.

இந்த வேலைக்குக் கூலி வகுத்தவை மத்திய அரசின் கூலிக் குழுக்கள். சர்க்கரைத் தொழிலுக்கான முதல் குழு 1957இல் அமைந்து 1960இல் அறிக்கை தந்தது. இரண்டாவது 1965இல், மூன்றாவது 1985இல். அதற்குமுன் ஆலைக்கு ஆலை, முதலாளிக்கு முதலாளி மாறிய சம்பளத்தை இவை ஒரு படிக்கட்டில் ஏற்றின. தேர்ச்சியற்றவர், அரைத் தேர்ச்சியர், தேர்ச்சியர், மேல்தேர்ச்சியர், எழுத்தர், மேற்பார்வையாளர் என்று நாடு முழுவதற்கும் ஒரே வரிசை. கூலிக்கு ஒரு தளம் கிடைத்தது. பஞ்சப்படிக்கு விதி கிடைத்தது. தொழிற்சங்கங்கள் பேரம் பேசக் காலூன்ற இடம் கிடைத்தது. லேபைப் பொறுத்தவரை இன்னொன்றும் நடந்தது. ஒரே மேசையைச் சுற்றி நின்றவர்கள் வெவ்வேறு படிகளில் போய் நின்றார்கள்: மாதிரி பிடிப்பவர் கீழே, கெமிஸ்ட் மேற்பார்வையாளர் பிரிவில்.

படி வித்தியாசம் சீசனில் அவ்வளவாக உறுத்தாது. அரவை நின்ற பிறகுதான் அது வீட்டுக்குள் வரும். சர்க்கரை ஆலை ஆறு மாதம் ஓடினால் நல்ல வருடம். மீதி மாதங்களுக்கு, அடுத்த சீசனுக்குத் திரும்பி வருவதற்காகப் பருவகாலத் தொழிலாளிக்குக் கொடுப்பது தக்கவைப்புப் படி. கூலிக் குழு வழியில் பரவிய அளவு இது: தேர்ச்சியற்றவருக்குக் கூலியில் 10 சதவீதம், அரைத் தேர்ச்சியருக்கு 25, தேர்ச்சியருக்கும் அதற்கு மேலுள்ளவருக்கும் 50. கணக்குக்காக எல்லோருக்கும் மாதம் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஆறு மாத அரவை முடிந்த வருடத்தில் கீழ்ப்படிக்காரருக்கு 660 ரூபாய், நடுப்படிக்காரருக்கு 750, மேல்படிக்காரருக்கு 900. ஆண்டு முழுதும் வேலை உள்ள நிரந்தரப் பணியாளருக்கு 1,200. மாதக் கூலியே படிக்குப் படி வேறு என்னும்போது உண்மையான இடைவெளி இதைவிட அகலம்.

நிரந்தரம் என்ற சொல்லுக்கு ஆலை ஊர்களில் கல்யாணச் சந்தையில்கூட விலை உண்டு. அதை எட்டும் வழிகளைச் சட்டம் நாள் கணக்கில் வைத்தது. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரமாக வேண்டும். சீசனுக்கு 150 நாள் வேலை செய்பவர் இரண்டு சீசன் சேர்த்தாலும் 300 நாள்தான். இருபது வருடம் அதே மேசையில் அதே குழாயைப் பிடித்தாலும் அந்தக் கணக்கு நிரம்பாது. தொழிற்தகராறு சட்டமோ ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 12 மாதத்தில் 240 நாள் கேட்டது. பஞ்சாபின் மொரிண்டா கூட்டுறவு சர்க்கரை ஆலை வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், சீசன் முடிந்து பருவகாலத் தொழிலாளி வேலையிலிருந்து நிற்பது ஆட்குறைப்பாகாது என்று சொல்லிவிட்டது.

ஓய்வுபெறும்போதும் இதே கதைதான். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் நிரந்தரத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி தரச் சொன்னது; பருவகாலத் தொழிலாளிக்கு சீசனுக்கு 7 நாள். முப்பது வருடம் கழித்து ஒருவர் 450 நாள் கூலியோடு வெளியே போவார், இன்னொருவர் 210 நாள் கூலியோடு.

இவர்கள் இருவருக்கும் கீழே மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் உண்டு. தினக்கூலி, என்.எம்.ஆர். (வருகைப் பட்டியல் ஆள்), ஒப்பந்தம், அப்ரண்டிஸ் என்று பெயர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். ஐ.டி.ஐ.யில் ரசாயன ஆலை லேப் உதவியாளர் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. படிப்பு இரண்டு வருடம். 2019ஆம் ஆண்டு விதி ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், பட்டதாரிக்கு 9,000 என்று வைத்தது. அது சம்பளக் கணக்கில் வராது. ஆனால் சாற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அப்ரண்டிஸ் நிரப்பிய குழாயிலும் ஒளி அதே அளவுதான் திரும்பும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1971லேயே எழுதிவைத்தன. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரே பணியைச் செய்யும் தற்காலிக அரசுப் பணியாளருக்கு நிரந்தரப் பணியாளரின் ஊதிய விகிதத்தின் தொடக்க அளவையாவது தர வேண்டும் என்றது. தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவருக்கும் தான் செய்வது அதே வேலைதான் என்று நிரூபிக்கும் பாரம் மிச்சம் இருக்கிறது. பேரேட்டில் கையெழுத்துப் போடாதவருக்கு அது லேசில் முடியாது.

இவ்வளவு நேரம் சொன்ன ஆட்கள் எல்லோரும் ஆண்கள். கரும்பு வயலில் களை எடுப்பதிலும் தோகை உரிப்பதிலும் கட்டுக் கட்டுவதிலும் பெண்களின் கை இல்லாமல் எதுவும் நடக்காது. ஆலைக்குள் அவர்கள் தென்படுவது அலுவலகத்திலும் துப்புரவிலும்தான். லேபில் அவர்கள் இல்லாததற்குத் திறமையைக் காரணம் சொல்ல முடியாது. கரும்பு ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர்களில் ஒன்று ஜானகி அம்மாள். சென்னை ராணி மேரி, மாநிலக் கல்லூரிகளில் படித்து, மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கி, 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராக இருந்தவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டுச் சேர்த்த ஆய்வு அவருடையது. தனித்து வாழ்ந்த பெண்ணாகவும், தாழ்வாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவராகவும் அங்கே ஆண் சகாக்களிடையே அவர் பட்ட இடர்களை அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். கடைசியில் அவர் லண்டனுக்குப் போனார்.

ஆலை லேபில் கதவை மூடியது சட்டமே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவு, காலை 6 முதல் மாலை 7 வரை தவிர மற்ற நேரங்களில் தொழிற்சாலையில் பெண்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. பாதுகாப்புக்காக வந்த விதிதான். ஆனால் உருளை சுழல ஆரம்பித்தால் இரவு பகல் பாராமல் ஓடும் ஆலையில் மூன்று ஷிப்டும் மாறிவர முடியாதவரை எந்த நிர்வாகம் கெமிஸ்டாகச் சேர்க்கும்? 1976இல் வந்த சம ஊதியச் சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே வேலையில் இருந்தால்தானே கூலியை ஒப்பிட முடியும்! 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா தொடர்ந்த வழக்கில், அந்த இரவுத் தடை சமத்துவ உரிமைக்கு முரணானது என்று ரத்து செய்தது. வழக்கு போட்டவர்கள் நெசவாலைப் பெண்கள். பலன் சர்க்கரை ஆலை லேபுக்கும் சேர்த்துத்தான். பெண்களுக்கு வண்டி, ஓய்வறை, குழுவாகப் பணி என்று நீதிமன்றம் நிபந்தனைகளையும் அடுக்கியது. ஆலைகள் புது ஆள் எடுப்பதையே குறைத்துக்கொண்ட காலத்தில் அந்தக் கதவு திறந்தது.

இதற்கிடையே ரெகவரி என்ற அந்த எண்ணின் பலமும் மாறிவிட்டது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விலையைக் கட்டுமானத்தோடு முடிச்சுப் போட்டபின், நெடுங்காலம் அடிப்படை அளவு 8.5 சதவீதம். அதற்கு மேல் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் விவசாயிக்குக் கூடுதல் காசு உண்டு. 2005-06இல் அடிப்படை 9 ஆனது; 2009-10இல் 9.5, 2018-19இல் 10, 2022-23இல் 10.25. விலை கூடக் கூட, அதே விலைக்கு எட்ட வேண்டிய உயரமும் கூடியது. வறட்சியும் நோயும் வெட்டுத் தாமதமும் சேர்ந்து தமிழ்நாட்டுக் கட்டுமானம் 9ஐ ஒட்டியே கிடக்கிறது. 9.5க்குக் கீழே போன ஆலைகளின் விவசாயிகளுக்கு அதற்குமேல் விலை குறைக்கப்படுவதில்லை என்பது விதி. 2024-25இல் அந்தத் தளம் குவிண்டாலுக்கு 315 ரூபாய் 10 காசு. லேபில் 8.8 வந்தாலும் 9.3 வந்தாலும் அந்த விவசாயிக்கு அதே தொகை. ரெகவரியைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று ஆலை வாசலில் எழுந்த பழைய சண்டைக்கு இப்போது முன்போல் காரம் இல்லை. மாநில அரசின் பரிந்துரை விலை போய் வருவாய்ப் பகிர்வு முறை வந்தபின், பேச்சு ஊக்கத்தொகை எவ்வளவு, நிலுவை எப்போது என்பதற்கு மாறிவிட்டது.

கருவியும் மாறியது. திருகைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்த ஒளிமானியின் இடத்தில், பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் தானியங்கிக் கருவிகள் பல ஆலைகளில் வந்துவிட்டன. வயலுக்குப் போகும் கரும்பு உதவியாளர் கரும்பின் நுனியிலும் அடியிலும் துளையிட்டு, ஒரு துளிச் சாற்றைக் கை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். நுனியும் அடியும் கிட்டத்தட்ட ஒரே பிரிக்ஸ் காட்டினால் கரும்பு முற்றிவிட்டது. வெட்டு உத்தரவு போகலாம். ஒரு காலத்தில் பட்டதாரிக்கென்று இருந்த அளவை இப்போது யாரும் எடுக்கலாம். ஆளைப் பிரித்தது கருவிதான் என்றால் அந்தப் பிரிவினையும் இத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். அது தீராமல் சம்பளப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. சம்மதத்தோடு பெண்கள் இரவுப் பணி செய்யலாம் என்பது இப்போது நாடு முழுவதற்கும் சட்டம். குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர் ஒரே வருடத்தில் பணிக்கொடைக்குத் தகுதி பெறுகிறார். பருவகாலத் தொழிலாளிக்கு சீசனுக்கு 7 நாள் கூலி என்ற 1972ஆம் ஆண்டு வாசகத்தை மட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 53ஆம் பிரிவில் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் அடுத்த அரவைக்குப் பெயர் கொடுத்திருக்கும் லேப் உதவியாளருக்குப் பொருந்துவது அந்த வாசகம்தான்.